வார்னர் ஆர்க்கைவ் ப்ளூ-ரே டிஸ்க்குகள்: பெட்டியை விட்டுவிட்டுப் பிலிமைப் பாருங்கள்

பழைய ஹாலிவுட் படம் ஒன்றை டிஸ்க்கில் வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் வாசகங்களுக்குப் பெரிய மதிப்பு இல்லை. ரீமாஸ்டர், ரெஸ்டோர்டு, 4கே என்று எதையும் அச்சடித்துக்கொள்ளலாம். திரையில் நடிகர் ஹம்ஃப்ரி போகார்டின் முகம் எப்படித் தெரியப்போகிறது என்பதை இரண்டே விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. ஸ்கேன் செய்ய எந்தப் பிலிமை எடுத்தார்கள்? ஸ்கேன் செய்தபின் அதில் எவ்வளவு கைவைத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பல ஆண்டுகளாக ஒழுங்கான பதில் தந்துவரும் லேபிள், அதாவது டிஸ்க் வெளியிடும் பிரிவு, வார்னர் ஆர்க்கைவ். குறைகளும் உண்டு. அவற்றில் சிலவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பெயரில் வார்னர் இருந்தாலும் கையிருப்பு அந்த ஒரு ஸ்டுடியோவோடு நிற்பதில்லை. 1986ல் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் எம்ஜிஎம் ஸ்டுடியோவை வாங்கினார். கொஞ்ச நாளில் ஸ்டுடியோவை விற்றுவிட்டு, படக் களஞ்சியத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். எம்ஜிஎம்மின் அதுவரையிலான படங்கள், 1950க்கு முந்தைய வார்னர் படங்கள், ஆர்கேஓ என்ற பழைய ஸ்டுடியோவின் படங்களுக்கான அமெரிக்க உரிமை எல்லாம் அதில் அடக்கம். 1996ல் டர்னரின் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தபோது அத்தனையும் அங்கே போய்ச் சேர்ந்தன. அதனால்தான் கிரெட்டா கார்போ, கிளார்க் கேபிள், ஜூடி கார்லண்ட், ஜீன் கெல்லி என்ற எம்ஜிஎம் வரிசையும், போகார்ட், ஜேம்ஸ் கேக்னி, பெட்டி டேவிஸ், எரல் ஃபிளின் என்ற வார்னர் வரிசையும் இன்று ஒரே லேபிளில் கிடைக்கின்றன. மார்லீன் டீட்ரிக்கின் 1930களின் பாரமவுண்ட் படங்களை இங்கே தேட வேண்டாம். 1950க்கு முந்தைய பாரமவுண்ட் பேசும் படங்களில் பெரும்பாலானவை யுனிவர்சல் கையில் இருக்கின்றன. பழைய ஃபாக்ஸ் படங்கள் டிஸ்னியிடம்.

இந்த லேபிள் 2009 மார்ச்சில் 150 படங்களோடு தொடங்கியது. அப்போது விற்றது ப்ளூ-ரே இல்லை. ஆர்டர் வந்தபின் ஒவ்வொன்றாக எழுதித் தரும் டிவிடி-ஆர். விலை 19.95 டாலர். ப்ளூ-ரே 2012ல்தான் வந்தது. அந்த ப்ளூ-ரேக்கள் எழுதப்பட்டவை அல்ல, தொழிற்சாலையில் அச்சு வைத்து அழுத்திய டிஸ்க்குகள். இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். ஒரே லேபிள், ஒரே மாதிரி அட்டை, உள்ளே இரண்டு வேறு தரம். டிவிடி-ஆர் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், முதலில் ப்ளூ-ரே.

ஹாலிவுட்டின் 1930கள், 40களின் பொற்காலப் படங்களில் டிஸ்க்கின் தரத்தைச் சோதிக்கச் சரியான இடம் நட்சத்திரத்தின் முகம்தான். அந்த ஸ்டுடியோக்கள் விற்ற சரக்கே அதுதான். கார்போவின் பெரும்பாலான படங்களை ஒளிப்பதிவு செய்த வில்லியம் டேனியல்ஸ் போன்றவர்கள், கண்ணிமையின் நிழல் கன்னத்தில் எவ்வளவு தூரம் விழ வேண்டும் என்பதுவரை பார்த்து விளக்கை நகர்த்தினார்கள். அந்த முகத்தை நெகட்டிவில் பிடித்து வைத்திருப்பது வெள்ளித் துகள்கள். திரையில் நாம் காணும் கிரெய்ன் அந்தத் துகள்களின் கூட்டம்தான். அது படத்தின் மேல் படிந்த அழுக்கு இல்லை, படமே அதனால் ஆனது. கிரெய்ன் வேண்டாம் என்று மென்பொருளால் துடைத்தால் தோலின் துளையும், நெற்றியோர முடியும், துணியின் இழையும் சேர்ந்தே போய்விடும். மிச்சம் மெழுகு பூசின முகம். அந்த மழுக்கத்தை மறைக்க ஓரங்களைக் கூர்மையாக்கினால், தோள் கோட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடும். பல கம்பெனிகளின் ஆரம்பகால ப்ளூ-ரேக்களில் இந்த இரண்டு கோளாறும் சேர்ந்தே வந்தன.

வார்னர் ஆர்க்கைவ் கிரெய்னைத் தொடுவதில்லை. தூசி, கீறல், சட்டகத்தின் ஆட்டம், வெளிச்சத் துடிப்பு ஆகியவற்றை நீக்குகிறார்கள், அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பர்பேங்க் ஸ்டுடியோ வளாகத்தில் இருக்கும் வார்னரின் சொந்த இமேஜிங் பிரிவில்தான் பெரும்பாலான வேலை நடக்கிறது. டிஸ்க்கிலும் இடத்தை மிச்சம் பிடிப்பதில்லை. 50 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கில் ஒன்றரை இரண்டு மணி நேரப் படம் தாராளமாக உட்காருகிறது. ப்ளூ-ரேயில் காட்சித் தரவுக்கான உச்சவரம்பு வினாடிக்கு 40 மெகாபிட். இந்த லேபிள் அதற்கு அருகிலேயே ஓடுகிறது. ஸ்ட்ரீமிங்கில் அதே அளவு படத்துக்கு 5 முதல் 8 மெகாபிட்தான் கிடைக்கும். கிரெய்ன் ஒவ்வொரு சட்டகத்திலும் இடம் மாறுவதால், சுருக்குவதற்கு மிகக் கடினமான விஷயம் அதுதான். பிட் குறைந்தால் முதலில் பலியாவதும் அதுவே.

இதை உடனே கண்ணால் பார்க்க 1947ன் 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' டிஸ்க்கைப் போடலாம். ராபர்ட் மிட்சம், ஜேன் கிரீர். ஒளிப்பதிவு நிக்கோலஸ் முசுராகா. அறையில் ஒரே விளக்கு, சுவரில் நிழல், எந்நேரமும் சிகரெட் புகை. குறைந்த பிட்டில் இந்தப் புகை படிப்படியாகப் பட்டையாக உடையும். இருண்ட மூலைகளில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் மிதக்கும். இந்த டிஸ்க்கில் புகை புகையாகவே கலைகிறது. கறுப்புக் கோட்டு போட்ட ஆள் கறுப்புச் சுவரின் முன் நிற்கும்போதும் தோள் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. அப்படித் தெரியவில்லை என்றால் குற்றம் டிவியின் பிரைட்னஸ் அமைப்பில் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை.

இன்னொரு நல்ல சோதனை 1931ன் 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்'. ஃப்ரெட்ரிக் மார்ச்சுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். பாரமவுண்ட் எடுத்தது, 1941ல் ஸ்பென்சர் டிரேசியை வைத்து அதே கதையை எடுத்த எம்ஜிஎம், பழைய படத்தின் உரிமையை வாங்கி முடக்கி வைத்தது. அந்த வழியில்தான் அது இன்று இந்த லேபிளில் வருகிறது. ஜெக்கில் ஹைடாக மாறும் முதல் காட்சியில், வெட்டே இல்லாமல் கேமராவுக்கு முன்னாலேயே முகம் கறுக்கிறது. மார்ச்சின் முகத்தில் சிவப்புச் சாயலில் கோடுகள் வரைந்திருந்தார்கள். லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டர் இருக்கும்வரை கறுப்பு-வெள்ளைப் பிலிமில் அந்தக் கோடுகள் தெரியாது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் ஃபில்டரை மெதுவாகப் பச்சைக்கு நகர்த்த, கோடுகள் கறுத்துக்கொண்டே வெளியே வரும். இந்த டிஸ்க்கில் அந்த மாற்றம் ஒரே சீராக, தோலுக்கு அடியிலிருந்து கிளம்புவதுபோல நடக்கிறது. கன்னத்து எலும்பின் கீழே முதல் நிழல் தட்டுவதைக்கூடத் தனியாகப் பிடிக்கலாம். கிரெய்னைத் துடைத்த பிரதியில் இந்த வித்தையே செத்துப்போகும், ஏனென்றால் மென்பொருள் அந்த மெல்லிய சாயல் மாற்றத்தையும் இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும். படமும் முழுசாக இருக்கிறது. 1934க்குப் பிறகு தணிக்கை விதி இறுகியபோது மறுவெளியீட்டுக்காக வெட்டிய பகுதிகள் திரும்பச் சேர்ந்திருக்கின்றன. ஒரே ஒரு கறுப்பு-வெள்ளை டிஸ்க் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன்.

வண்ணப் படங்களுக்கு வருவோம். இங்கேதான் பிலிமின் கதை இன்னும் முக்கியம். மூன்று பட்டை டெக்னிகலர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு பிரிசம் ஒளியைப் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனிக் கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்களில் பதிக்கும். நிறம் நெகட்டிவில் இல்லை; பிரிண்ட் போடும்போது சாயமாக ஏற்றப்படும். சாயம் இல்லாததால் அந்த நெகட்டிவ்கள் மங்குவதும் இல்லை. 1950களில் வந்த ஒற்றைப் பட்டை ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவில் சாயம் பிலிமிலேயே இருந்தது. காலப்போக்கில் அது வெளுத்தது. 1948ன் டெக்னிகலர் படம் இன்று 1958ன் படத்தைவிடப் பளிச்சென்று தெரிவதற்கு இதுதான் காரணம்.

டெக்னிகலரின் சிக்கல் வேறு. எழுபது எண்பது வருடத்தில் மூன்று பட்டைகளும் வெவ்வேறு அளவு சுருங்கியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தாது. வெள்ளைக் காலரின் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் கசியும்; நட்சத்திரம் சிரித்தால் பல்வரிசையின் ஓரத்திலும் அதே கசிவு. மூன்றையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் சட்டகம் சட்டகமாக இழுத்துப் பொருத்தும் முறையை வார்னர் 2000களிலேயே உருவாக்கிக்கொண்டது. அதன் பலனை 1948ன் 'த பைரேட்' டிஸ்க்கில் முழுதாகப் பார்க்கலாம். வின்சென்ட் மின்னெல்லியின் இயக்கம், ஜீன் கெல்லி, ஜூடி கார்லண்ட். எளிதில் தீப்பிடிக்கும் பழைய வகைப் பிலிமான நைட்ரேட் நெகட்டிவ்களிலிருந்தே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். சிவப்புத் துணியின் மடிப்புக்குள்ளே இருக்கும் இன்னொரு சிவப்பும் தெரிகிறது. ஓரங்களில் கசிவு இல்லை. எம்ஜிஎம் இசைப்படங்களை இதுவரை டிவியில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது வேறு படமாகத் தோன்றும்.

எல்லாப் படத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1978ல் ராச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸின் சேமிப்பகத்தில் பற்றிய தீயில் எம்ஜிஎம்மின் பல நைட்ரேட் நெகட்டிவ்கள் அழிந்தன. 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தின் மூல நெகட்டிவும் அதில் போனது. வார்னர் 2022ல் தன் பொது வரிசையில் வெளியிட்ட 4கே டிஸ்க் ஒரு தலைமுறை தள்ளிய பாதுகாப்புப் பிரதியிலிருந்து வந்தது. மிக அழகாகவே இருக்கிறது, ஆனால் 'த பைரேட்' சாதாரண ப்ளூ-ரேயோடு ஒப்பிட்டால் தூரக் காட்சிகளில் ஒரு மென்மை இருக்கும். 4கே என்ற எண் அந்தத் தூரத்தை மூட முடியாது. வாங்கும் முன் படத்தின் மூல நெகட்டிவ் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.

டிஸ்க்கில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடக்கூடிய சில படங்கள் இந்த லேபிளில் உண்டு. 1933ன் 'மிஸ்டரி ஆஃப் த வாக்ஸ் மியூசியம்' இரண்டு வண்ண டெக்னிகலரில் எடுத்தது. சிவப்பு, பச்சை என இரண்டு பதிவுகள் மட்டும். சுத்தமான நீலமும் மஞ்சளும் அந்த முறையில் கிடையாது. நடிகை ஃபே ரேயின் தோல் ஆரஞ்சு கலந்த ரோஜா நிறத்திலும், இருட்டு பச்சை கலந்த சாம்பலிலும் இருப்பது அப்படித்தான் இருக்க வேண்டும். டிவியில் டிண்ட்டைத் திருகி இயற்கை நிறம் வரவழைக்கப் பார்க்காதீர்கள். நெடுங்காலம் தொலைந்துபோனதாக நினைத்த படம் இது. பிறகு ஜாக் வார்னரின் சொந்தச் சேகரிப்பில் ஒரு நைட்ரேட் பிரிண்ட் கிடைத்தது. யுசிஎல்ஏ திரைப்பட ஆவணக் காப்பகம் செய்த மீட்பு வேலையை 2020ல் இந்த லேபிள் ப்ளூ-ரேயாகக் கொண்டுவந்தது. எரல் ஃபிளினின் 'த சீ ஹாக்' கறுப்பு-வெள்ளையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பனாமா காட்சி வந்ததும் பழுப்பாக மாறும். அதுவும் 1940ல் அப்படியே வெளியானதுதான்.

'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' வேறு வகைச் சிக்கல். 1954ல் எல்லாத் தியேட்டரிலும் சினிமாஸ்கோப் திரை இல்லாததால் படத்தையே இரண்டு முறை எடுத்தார்கள், ஸ்கோப்பில் ஒன்று, சாதாரண அகலத்தில் ஒன்று. 2018ன் இரண்டு டிஸ்க் வெளியீட்டில் இரண்டும் இருக்கின்றன. ஸ்கோப் வடிவத்தைப் பாருங்கள். கொட்டகை கட்டும் நடனத்தில் அத்தனை பேரும் ஒரே சட்டகத்தில் நிற்க அந்த அகலம் வேண்டும். ஆனால் அன்ஸ்கோ கலர் பிலிமும் ஆரம்பகால ஸ்கோப் லென்ஸும் சேர்ந்ததால் 'த பைரேட்' அளவு கூர்மையை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாவது டிஸ்க் ஆர்வலருக்கு. அதே நடனம் வேறு டேக்கில், வேறு சட்டகத்தில் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல சினிமாப் பாடம்.

போகார்ட்-லாரன் பகால் ஜோடிக்கு 'த பிக் ஸ்லீப்'. இதில் 1946ல் தியேட்டருக்கு வந்த வடிவமும், அதற்கு முன் 1945ல் வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குக் காட்டிய வடிவமும் சேர்ந்து கிடைக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் பகாலுக்காகப் புதுக் காட்சிகளை எடுத்துச் சேர்த்தார்கள். 1945 வடிவத்தில் துப்பறியும் கதை தெளிவாகப் புரியும். 1946 வடிவத்தில் கதை குழம்பும், ஜோடி பற்றிக்கொள்ளும். என் வோட்டு இரண்டாவதற்கே. இரண்டையும் ஒப்பிட்டு யுசிஎல்ஏ காப்பகத்தின் ராபர்ட் கிட் விளக்கும் ஒரு பகுதியும் உள்ளது. அதை முதலில் பார்த்துவிட்டால் எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று கண் தானாகவே தேடும்.

லேபிளின் முதல் 4கே டிஸ்க் 2024 டிசம்பரில் வந்த 'த சர்ச்சர்ஸ்'. ஜான் ஃபோர்டும் ஜான் வெய்னும் 1956ல் செய்த படம். தேர்வு சரியானது, ஏனென்றால் அது விஸ்டாவிஷன். அந்தக் கேமராவில் 35 மி.மீ. பிலிம் படுக்கைவாட்டில் ஓடும். ஒரு சட்டகத்துக்குப் பிலிம் ஓரத்தில் எட்டுத் துளை. வழக்கமான சட்டகத்தைவிடப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல். 4கே அளவுக்கு உண்மையிலேயே விவரம் இருக்கும் நெகட்டிவ் அது. முதல் காட்சியில் வீட்டுக்குள்ளிருந்து கதவு திறக்கும்போது, உள்ளே முழு இருட்டு, வெளியே மானுமெண்ட் வேலியின் வெயில். சாதாரண ப்ளூ-ரேயில் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒளி-இருள் வித்தியாசத்தை விரித்துக் காட்டும் எச்டிஆரில் இருட்டு இருட்டாகவே நிற்க, வெளியே மணலின் நிறம் வெளுக்காமல் இருக்கிறது. ஒலி அசல் மோனோவில் வருகிறது. போலியாகப் பிரித்துச் சுற்றொலியாக ஆக்கவில்லை, அதற்காகவே பாராட்டலாம்.

ஒலி பற்றி இன்னும் கொஞ்சம். இந்த டிஸ்க்குகளில் மோனோ ஒலி பெரும்பாலும் இரண்டு சேனலில், இழப்பில்லாத டிடிஎஸ் வடிவில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வந்து நடுவில் ஒன்றுகூடும். ரிசீவரிலோ சவுண்ட்பாரிலோ 'சரவுண்ட்', 'விர்ச்சுவல்', 'மூவி' போன்ற விளைவுகள் ஓடிக்கொண்டிருந்தால் வசனம் அறை முழுக்கச் சிதறி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். 'ஸ்டீரியோ' அல்லது 'டைரக்ட்' வைத்தால் போதும். ட்ரெபிளை ஏற்றவும் வேண்டாம். அந்தக் காலத்துத் தியேட்டர்களின் ஒலியமைப்பு உயர் சுருதிகளைத் தணித்தே கேட்கவைத்தது. படங்களும் அதற்கேற்பக் கலக்கப்பட்டன. ஏற்றினால் வருவது வசனம் அல்ல, இரைச்சல். 1930களின் படங்களில் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய சீற்றம் ஒன்று எப்போதும் இருக்கும். இந்த லேபிள் அதை முழுதாக வழித்தெடுக்காமல் விட்டிருப்பது நல்லதுக்கே. சீற்றத்தை வழித்தால் 'ஸ', 'ஷ' ஒலிகளும் மூச்சும் கூடவே போகும்.

டிவி அமைப்பைச் சரிசெய்யாமல் இந்த டிஸ்க்குகளைப் பார்ப்பது வீண். படத்தேர்வில் 'ஃபிலிம்மேக்கர்' முறை இருந்தால் அது. இல்லை என்றால் 'சினிமா'. வண்ண வெப்பநிலை 'வார்ம்'. கறுப்பு-வெள்ளைப் படம் லேசான நீலமாகத் தெரிந்தால் இன்னும் 'கூல்' அமைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். ஷார்ப்னஸைப் பெரும்பாலான டிவிகளில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, இரைச்சல் நீக்கம், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணைக்க வேண்டும். லேபிள் கவனமாகக் காப்பாற்றிய கிரெய்னை டிவியே துடைத்துவிடுவது இங்கேதான் நடக்கும். பிளேயரில் 24 ஃப்ரேம் வெளியீட்டை இயக்குங்கள். அது அணைந்திருந்தால் ஒரு சட்டகம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறிக் காட்டப்பட்டு, கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் விக்கி விக்கிப் போகும்.

பிறகு பக்கவாட்டுக் கறுப்புப் பட்டை. 1930கள், 40களின் படங்கள் 1.37க்கு 1 என்ற அளவில் எடுத்தவை. அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்பு வருவது சரி. 'ஜூம்' போட்டு நிரப்பினால் உயரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெட்டுப்படும். முதலில் போவது நெருக்கக் காட்சியில் நட்சத்திரத்தின் நெற்றியும் தாடையும். ஃப்ரெட் அஸ்டேர் ஆடினால் பாதம். அஸ்டேரின் நடனம் தலை முதல் கால்வரை ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும் என்று அவரே வற்புறுத்திய விஷயம். அதை நாம் ரிமோட்டால் வெட்ட வேண்டாம்.

குறைகள். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான், அதுவும் செவித்திறன் குறைந்தோருக்கான வடிவத்தில். பெட்டிக்குள் கையேடு கிடையாது. கூடுதல் பகுதிகள் பெரும்பாலும் பழைய டிவிடியிலிருந்து அப்படியே எடுத்தவை. புதிதாகப் பதிவுசெய்த விளக்கவுரை அரிது. ஆனால் அந்தப் பழைய பகுதிகளிலும் நல்ல சரக்கு உண்டு. அதே ஆண்டில் வந்த கார்ட்டூன், குறும்படம், டிரெய்லர், சில டிஸ்க்குகளில் அந்த நட்சத்திரங்களே நடித்த வானொலி வடிவம். ஒரு முழுப் பழைய காட்சி நேரத்தை வீட்டில் அமைத்துக்கொள்ளலாம். 4கே வெளியீடுகள் மிக மெதுவாகத்தான் வருகின்றன. ஒரு பகுதியின் டிஸ்க்கை வேறு பகுதியின் பிளேயரில் ஓடவிடாமல் தடுக்கும் மண்டலப் பூட்டைப் பொறுத்தவரை 4கே டிஸ்க்குகளுக்கு அது கிடையாது. ப்ளூ-ரேக்கள் பெரும்பாலும் எல்லா மண்டலத்திலும் ஓடும், ஆனாலும் பின் அட்டைக் குறியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிவிடி-ஆர்களை இரண்டாம் பட்சமாகவே வைக்க வேண்டும். அதில் தரவு கரிமச் சாயத்தில் எழுதப்பட்டிருக்கும். டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா அல்லது நீலச் சாயலில் இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். வெயிலும் சூடும் சாயத்துக்கு ஆகாது. ஜன்னல் ஓரத்திலோ சூடாகும் கருவிக்கு மேலோ வைக்காதீர்கள். சில பிளேயர்கள் இதைப் படிக்க மறுக்கும். முதலில் டிஸ்க்கைத் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டுப் பார்த்தபின் தீர்மானியுங்கள். துடைப்பது மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு போய்ப் பிழைதிருத்தத்தையே தோற்கடித்துவிடும். ஆரம்பகால டிவிடி-ஆர்களில் மீட்பு வேலை நடக்கவில்லை. கையில் இருந்த வீடியோ மாஸ்டரை அப்படியே எழுதினார்கள்; பத்து நிமிடத்துக்கு ஒரு அத்தியாயப் புள்ளி, அவ்வளவுதான். பிறகு வந்தவற்றில் 'ரீமாஸ்டர்டு' என்று குறித்தவை மேல். அதே படம் ப்ளூ-ரேயில் வந்துவிட்டதா என்று பார்க்காமல் டிவிடி-ஆர் வாங்காதீர்கள். வராத படம், ஸ்ட்ரீமிங்கிலும் இல்லாத படம் என்றால் தயங்காமல் வாங்கலாம். 1930களின் சிறிய வார்னர், ஆர்கேஓ படங்கள் பலவற்றுக்கு இன்றும் இதுதான் ஒரே வழி.

பழைய வார்னர் டிவிடி பெட்டிகள் வீட்டில் இருப்பவர்கள் உடனே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. 2006 முதல் 2008 வரை பென்சில்வேனியாவில் இருந்த ஒரு தொழிற்சாலையில் அழுத்திய டிஸ்க்குகள் பல உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போயிருக்கின்றன. 2025ல் வார்னரே இதை ஒப்புக்கொண்டது. போகார்ட், பெட்டி டேவிஸ், எரல் ஃபிளின் தொகுப்புகளும் நுவார் என்ற இருண்ட குற்றக்கதைப் படங்களின் தொகுப்புகளும் அந்த ஆண்டுகளில்தான் அதிகம் வந்தன. டிஸ்க்கின் அடிப்பக்கத்தை ஒரு விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். மங்கலான படலம், பழுப்புக் கறை, காபி சிந்தினாற்போல் வளையம் ஏதாவது தெரிந்தால் சந்தேகம்தான். கறை இல்லாமலும் கெட்டிருக்கலாம், அதனால் கண்ணால் பார்த்ததோடு விடாமல் படத்தைக் கடைசிவரை ஓட்டுங்கள். முதல் பாதி ஒழுங்காக ஓடி, இரண்டாவது அடுக்குக்கு மாறும் நடுப்பகுதியிலிருந்து படம் உறைவது இதன் வழக்கமான அறிகுறி. துடைத்தோ பாலிஷ் போட்டோ சரிசெய்ய முடியாது. கெட்டது உள்ளே இருக்கும் அடுக்கு. முடிந்தவரை மாற்றித் தருவதாகவும், அந்தப் படம் இப்போது இல்லை என்றால் இணையான வேறொன்று தருவதாகவும் வார்னர் அறிவித்தது. பெட்டியையும் டிஸ்க்கின் நடுவளைய எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். அந்தத் தொகுப்புகளில் 'த பிக் ஸ்லீப்', 'கீ லார்கோ', 'டார்க் பேசேஜ்' போல ப்ளூ-ரே வந்துவிட்ட படங்களுக்கு மாற்று டிவிடி கேட்டுக் காத்திருப்பதைவிட நேராக ப்ளூ-ரே வாங்குவது மேல். ப்ளூ-ரே வராத படங்களை மட்டும் முதலில் சோதியுங்கள். இன்னும் ஓடுகிற டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்துவிடுங்கள்.